நாற்பத்தைந்தில் பதினேழு நாள்

இருபத்தெட்டு வருட வேலைக்காலத்தில் பாய்லர்காரர் இரண்டு முறைதான் விடுப்பு எடுத்தார். முதல் முறை ஒரே ஒரு நாள். இரண்டாம் முறை வெளிநாட்டில் இருக்கும் மகளிடம் போவதற்காக நாற்பத்தைந்து நாள் வாங்கிக்கொண்டு, பதினேழாம் நாளே திரும்பி வந்துவிட்டார். இரண்டையும் பதிவேட்டில் எழுதியவன் நான்தான்.

நான் காகித ஆலையின் டைம் ஆபீஸில் முப்பத்தொன்பது வருடம் இருந்தேன். யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார், எந்த ஷிப்டில் யார் நின்றார், யாருக்குப் பதில் யார் வந்தார், எல்லாம் என் மேஜையைத் தாண்டித்தான் போக வேண்டும். ஆலையில் என்னை வைத்து ஒரு கேலி உண்டு. கல்யாண நாளை மறந்துபோனவன் பெண்டாட்டியிடம் மாட்டிக்கொள்வதற்கு முன் என்னிடம் வந்து கேட்டுவிட்டுப் போகலாமாம். அன்றைக்கு அவன் லீவு போட்டது என்னிடம் இருக்குமே. என் பதிவேட்டில் அடித்தல் திருத்தல் கிடையாது. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பின்னால் நடந்ததற்கு இதுதான் காரணம்.

பாய்லர்காரர் உயரமானவர், பேச்சு குறைவு. யாரிடம் பேசினாலும் தலையைச் சற்றே சாய்த்து, ஒரு காதைப் பாய்லர் பக்கமே வைத்திருப்பார். அந்த முதல் விடுப்பு அவர் மகளுக்காக. அவளுக்கு அப்போது எட்டு வயது. கரும்பலகையில் எழுதியது தெரியவில்லை என்று டீச்சர் சொல்லியனுப்பியிருந்தார். கண் டாக்டரிடம் காட்டி, கண்ணாடி வாங்கிக் கொடுக்க ஒரு செவ்வாய்க்கிழமை விடுப்புக் கேட்டார். அன்று மாலை நான்கு இருபதுக்கு நீராவிக் குழாயின் மூட்டு ஒன்று பிய்த்துக்கொண்டது. பாய்லரில் நின்றிருந்த சுருட்டை அங்கேயே இறந்துபோனான்.

சுருட்டைக்கு இருபத்தொன்பது வயது. தலைமுடி பந்து மாதிரி சுருண்டு நிற்கும். ஹெல்மெட் தலையில் உட்காராது. "உனக்கு ஆண்டவனே ஹெல்மெட் போட்டு அனுப்பிட்டான்" என்று எல்லோரும் சீண்டுவார்கள், அவனும் சேர்ந்து சிரிப்பான். விசாரணை நடந்தபோது அதிகாரி என் பதிவேட்டை வாங்கி அந்த வரியை உரக்கப் படித்தார்: பிற்பகல் ஷிப்ட், பாய்லர்காரருக்குப் பதிலாகச் சுருட்டை. பாய்லர்காரர் எனக்கு எதிர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சாய்ந்தே இருக்கும் அந்தத் தலை அப்போது நேராக நிமிர்ந்தது.

அதற்குப் பிறகு அவர் விடுப்பே எடுக்கவில்லை. காய்ச்சலோடு வந்தார். மனைவி இறந்த செய்தி ஷிப்ட் நடுவில் வந்தது. வேறு யாரையும் தன் இடத்தில் நிற்க விடாமல், பத்து மணி வரை இருந்து முடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார்.

ஆனால் அந்த வரி பொய்.

நடந்தது இது. விபத்துக்கு முந்தைய வெள்ளிக்கிழமை சுருட்டை என்னிடம் வந்தான். செவ்வாய் காலையில் வீடு மாற்ற வேண்டும், அன்றைக்குத் தன்னைக் காலை ஷிப்டிலிருந்து பிற்பகலுக்கு மாற்ற வேண்டும் என்றான். பாய்லர் பொறுப்பாளர் ஒரு துண்டுச் சீட்டில் சம்மதித்து எழுதிக் கொடுத்தார். அதன்படி அன்று பிற்பகலில் இருந்த பாய்லர்காரர் காலை ஷிப்டுக்குப் போக வேண்டும். அவரிடம் அதைச் சொல்வதற்குள், சனிக்கிழமை அவரே வந்து செவ்வாய்க்கு விடுப்புக் கேட்டார். கொடுத்துவிட்டேன். காலைக்கு வேறு ஆள் போட்டுக்கொண்டோம். மாற்றிய செய்தியை இனி அவரிடம் சொல்ல அவசியமில்லை என்று விட்டுவிட்டேன். அவர் விடுப்பு எடுத்திருந்தாலும் எடுக்காவிட்டாலும், செவ்வாய் பிற்பகல் அந்தக் குழாயின் கீழே நின்றிருக்க வேண்டியவன் சுருட்டைதான்.

திங்கட்கிழமை சீட்டுகளைப் பார்த்துப் பதிவேட்டில் ஏற்றும்போது, ஒரே ஷிப்டுக்கு இரண்டு மாற்றங்கள் இருந்தன. இரண்டையும் எழுதினால் கட்டத்துக்குள் அடங்காது. பார்க்க அசிங்கமாக இருக்கும். எப்படியும் வருவது சுருட்டைதானே என்று இரண்டையும் ஒன்றாக்கி, 'பாய்லர்காரருக்குப் பதிலாக' என்று ஒரே வரியில் எழுதிச் சீட்டுகளைக் கிழித்துப் போட்டேன். விசாரணையில் நான் எழுந்து சொல்லியிருக்கலாம். என் பதிவேட்டில் தப்பு இருக்கிறது என்று அத்தனை பேர் முன்னால் சொல்ல வாய் வரவில்லை. போனவன் திரும்பியா வரப்போகிறான் என்று நினைத்துக்கொண்டேன். சீட்டு எழுதிக் கொடுத்த பொறுப்பாளர் இரண்டு வருடத்தில் இறந்துபோனார். அதன் பிறகு விஷயம் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

பத்தொன்பது வருடம் கழித்து அந்த மகள் வெளிநாட்டிலிருந்து டைம் ஆபீஸுக்குப் போன் செய்தாள். அங்கே ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலை. தலைப்பிரசவம் நெருங்கிக்கொண்டிருந்தது.

"மாமா, அப்பாவை எப்படியாவது அனுப்பி வைங்க. அம்மாவுக்குத்தான் வரல. எனக்காவது வரட்டும்" என்றாள்.

விண்ணப்பத்தை நானே நிரப்பிக் கையெழுத்துக்கு நீட்டினேன். அவர் அதைப் படிக்கவே இல்லை. தனக்குப் பதில் யார் என்று மட்டும் கேட்டார். உதவி ஆபரேட்டர் பெயரைச் சொன்னேன். நாற்பது தாண்டிய, அனுபவமுள்ள ஆள். அவனைக் கூட நிறுத்திக்கொண்டு, எந்த வால்வு எப்போது முனகும், எந்தப் பக்கம் நிற்கக் கூடாது என்று பதினொரு நாள் பாடம் எடுத்தார். கடைசியில் அவன் என்னிடம் வந்து, "சார், இவர் ஊருக்குப் போறாரா, இல்ல என்னை வழியனுப்புறாரா?" என்றான். என்னால் சிரிக்க முடியவில்லை.

போன நாளிலிருந்து தினமும் இங்கே இரண்டு மணி அடிக்கும்போது அவரிடமிருந்து போன் வரும். ஆள் வந்தாச்சா என்பார். ஒன்று நாற்பத்தெட்டுக்கு வந்தான் என்பேன். அதற்குப் பிறகுதான் தன்னைப் பற்றி ஏதாவது சொல்வார். மகள் ஏரிக்கரைக்குக் கூட்டிப் போனாளாம். அங்கே பெஞ்சுகளில் ஜனங்கள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்களாம். இவர்களுக்கெல்லாம் எந்த ஷிப்ட் என்று கேட்டாராம். மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாளாம். வேலையில்லாத பகல் இவ்வளவு நீளம் என்று இந்த வயதில்தான் தெரிகிறது என்றார். குரலில் ஏதோ இளகியிருந்தது. ஐந்து நாள் அப்படி இருந்தது.

ஆறாம் நாள், அறையைச் சூடாக்க ஜன்னலுக்குக் கீழே ஓடிய ஒரு குழாய் தட்டிய சத்தம் அவர் காதில் விழுந்துவிட்டது. இந்தச் சூடு எங்கிருந்து வருகிறது என்று மகளைக் கேட்டு, நான்கு மாடி இறங்கி, நிலவறைக்குப் போய்ப் பார்த்திருக்கிறார். பீரோ அளவில் ஒரு பாய்லர் எரிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் ஆளே இல்லை. கட்டடக் காவலரை மகள் மூலம் விசாரித்ததில், அது தானாகவே ஓடும், வருடத்துக்கு ஒரு முறை ஒருவர் வந்து பார்த்துவிட்டுப் போவார் என்று தெரிந்தது. "வருஷத்துக்கு ஒரு தடவை, சார்" என்று போனில் என்னிடம் மூன்று முறை சொன்னார்.

மறுநாளிலிருந்து மதியச் சாப்பாடு முடிந்ததும் கீழே இறங்கிவிடுவார். காவலர் பரிதாபப்பட்டு ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தார். நிறைமாதப் பெண் மேலே தனியாக இருந்தாள். அப்பா, அது மெஷின், அதுக்கு நீங்க வேண்டாம், எனக்குத்தான் வேணும் என்று படிக்கட்டில் நின்று கூப்பிட்டாளாம். உனக்காகத்தாம்மா உட்கார்ந்திருக்கேன் என்றாராம்.

பதினான்காம் நாள் போன் இரண்டு மணிக்கு வரவில்லை. நாலரைக்கு வந்தது.

"சார், நாற்காலியில ஆள் உக்காந்திருக்கு."

காவலராக இருக்கும் என்றேன்.

"காவலருக்கு வழுக்கை. இவனுக்கு முதுகுதான் தெரியுது. அந்த முடி எனக்குத் தெரியாதா? கதவுகிட்டயே நின்னுட்டேன். எனக்குப் பதிலா இங்கயும் வந்துட்டான், சார். மேல எம் பொண்ணு இருக்கா. நான் அவளுக்காக லீவு போட்டாத்தானே இவன் வர்றான்?"

அப்போதுதான் சொன்னேன். வெள்ளிக்கிழமைச் சீட்டு, வீடு மாற்றம், இரண்டை ஒன்றாக்கி எழுதிய வரி, விசாரணையில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது, எல்லாவற்றையும் தேதி தேதியாகச் சொன்னேன். அவன் உங்களுக்குப் பதிலாகச் சாகவில்லை, அது அவனே கேட்டு வாங்கிய ஷிப்ட் என்றேன். அந்தப் பக்கம் குழாய் தட்டுவது மட்டும் கேட்டது.

"நீங்க நல்லவர், சார்" என்றார் கடைசியில். "எம் மனசு ஆறட்டும்னு சொல்றீங்க. ஆனா பொய் சொல்ல உங்களுக்கு வராது. உங்க ரிஜிஸ்டர்ல இருக்கறதுதான் நடந்தது. ஊருக்கே தெரியும்."

பதினேழாம் நாள் மதியம் டைம் ஆபீஸ் ஜன்னலில் வந்து நின்றார். விமானத்தில் போட்டிருந்த கோட்டைக்கூடக் கழற்றவில்லை. மீதி இருபத்தெட்டு நாளை ரத்து செய்துவிடுங்கள், இரண்டு மணி ஷிப்டுக்குப் போகிறேன் என்றார். பொண்ணு என்ன சொன்னாள் என்று கேட்டேன்.

"ஒண்ணும் சொல்லல. கதவை அவளே திறந்துவிட்டா" என்றார்.

ரத்து செய்ய முடியாது என்றேன். உள்ளே போய், பத்தொன்பது வருடத்துக்கு முந்தைய பதிவேட்டை அலமாரியின் அடித்தட்டிலிருந்து எடுத்து வந்தேன். அந்தப் பக்கத்தைத் திறந்து ஜன்னல் பலகையில் அவர் பார்க்க வைத்தேன். அவர் கண் முன்னாலேயே அந்த வரியைச் சிவப்பு மையால் அடித்தேன். ஓரத்தில் இருந்த இடத்தில் உண்மையைப் பொடி எழுத்தில் எழுதி, அன்றைய தேதியும் கையெழுத்தும் போட்டேன். கோடு கோணலாகப் போனது. படியுங்கள், படித்துவிட்டு அடுத்த விமானத்தைப் பிடித்துப் போங்கள் என்றேன்.

குனிந்து நிதானமாகப் படித்தார். இரண்டாம் முறையும் படித்தார். பிறகு அந்தச் சிவப்புக் கோட்டின் மேல், மை காய்ந்துவிட்டதா என்று பார்ப்பது போல விரலை வைத்தார். என்னைப் பார்த்தபோது அவர் கண்ணில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நம்பிவிட்டார் என்று எனக்குத் தெரிந்திருக்கும்.

"எனக்காகப் போய் உங்க ரிஜிஸ்டரைக் கெடுத்துக்கிட்டீங்களே, சார்" என்றார்.

கோட்டைக் கழற்றி மடித்து ஜன்னல் பலகையில் வைத்துவிட்டுப் பாய்லர் பக்கம் நடந்தார். மணி ஒன்று ஐம்பத்திரண்டு. ஆறு நாள் கழித்து, விடியற்காலையில் மகளுக்கு ஆண் குழந்தை பிறந்தது. அவள் அந்தச் செய்தியை எனக்குத்தான் சொன்னாள். அப்பாவிடம் நீங்களே சொல்லிவிடுங்கள் மாமா என்றாள். சொல்லப் போனேன். சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. இரண்டாம் முறை உரக்கச் சொன்னேன். தலையாட்டினார். தண்ணீர் மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாயிலிருந்து கண்ணை எடுக்காமல், அங்கே கீழே பாய்லரிடம் யார் இருக்கிறார்கள் என்று கேட்டார்.