குளியலறைத் தாழ்ப்பாள்

எங்கள் ஆய்வகத்தில் எல்லோருக்கும் அவர் அக்காதான். மூளையின் மின் அலைகளைச் சமன்பாடுகளாக எழுதிக் கணினியில் ஓடவிடுவது அவர் வேலை. பதினொரு வருடமாக அதே ஜன்னலோர நாற்காலி.

அவர் தம்பிக்கு வலிப்பு. வயது இருபத்தாறு. ஒருமுறை குளிக்கும்போது விழுந்தவனைக் கதவை உடைத்துத்தான் தூக்கினார்கள். அன்றே அக்கா வீட்டுத் தாழ்ப்பாள்களை எல்லாம் கழற்றிவிட்டார். அதிலிருந்து அவன் குளித்து முடிக்கும்வரை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பார். வெளியூரில் கிடைத்த பெரிய வேலையையும் வேண்டாம் என்றுவிட்டார்.

"உன் கம்ப்யூட்டர்கிட்ட கேட்டுச் சொல்லேன்க்கா, எனக்கு எப்ப வரும்னு" என்று தம்பி கிண்டலடிப்பான். அக்கா அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. வலிப்பு வந்த ஒரு நாளில் அவன் தலையில் எடுத்த பதிவு இருந்தது. அதில் வலிப்புக்குப் பத்து நிமிடம் முந்தைய எண்களைக் கொடுத்துக் கணக்கை ஓடவிட்டார். திரையில் சரியாக அதே நிமிடத்தில் வலிப்பு வந்தது.

"இனி முன்கூட்டியே தெரிஞ்சிடும்டா. தாழ்ப்பாள் மாட்டிடலாம்."

அன்று மாலையே தம்பி கடைக்குப் போய் ஒன்று வாங்கி வந்தான்.

மறுநாள் ஆய்வகத்துக்குப் புதுக் கணினி வந்தது. அதே எண்கள், அதே கணக்கு. திரையில் வலிப்பு வரவே இல்லை. மூன்று வாரம் நானும் அக்காவும் வரி வரியாகத் தேடினோம். பழைய கணினி மேலிருந்து கூட்டிய எண்களைப் புதியது கீழிருந்து கூட்டியிருந்தது. ஒவ்வொரு கூட்டலிலும் கணினி கடைசி இலக்கங்களை வெட்டிவிடுவதால், வரிசை மாறியதும் பதினாறாவது தசமத்தில் ஒரு துளி வித்தியாசம். அதுவே ஓட ஓடப் பெருகி எல்லாவற்றையும் புரட்டிப் போட்டிருந்தது.

"இதுல எதுக்கா தப்பு?" என்றேன்.

"எதுவுமே தப்பில்ல. தப்புன்னா திருத்திடலாமே."

அன்று அவருடன் வீட்டுக்குப் போனேன். வலிப்பை முன்கூட்டிச் சொல்லவே முடியாது என்று கேட்டுத் தம்பி சிரித்தான். "என் மண்டைக்கே தெரியாது, அதுக்கெப்படித் தெரியும்?" பிறகு தாழ்ப்பாளை எடுத்து வந்து நீட்டினான். "எப்பவுமே தெரியாதுன்னா, எப்பவுமே மாட்ட மாட்டியா?"

அக்கா அதை வாங்கி மாட்டினார். நட்டுகள் மட்டும் கதவின் வெளிப்பக்கம், வெளியிலிருந்தே கழற்ற வருமாறு.

தம்பி உள்ளே போய்த் தாழிட்டான். தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

"அக்கா, ஸ்டூல் சத்தம் கேக்குது. ஹாலுக்குப் போ."

"போயிட்டேன்டா" என்றார் அக்கா, ஸ்பேனரை மடியில் வைத்துக்கொண்டு.