அக்காவின் இடது கால்

என் அக்காவின் இடது கெண்டைக்கால் வலது காலைவிடப் பருத்துவிட்டது என்பதை முதலில் கண்டுபிடித்தவள் நான்தான். அப்போது எனக்குப் பத்து வயது. அந்தக் கண்டுபிடிப்புக்கு ஒரு பாராட்டும் கிடைக்கவில்லை. மாறாக, அக்கா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள்.

அந்த வருடம் பள்ளியில் அளவைகளைப் பற்றிய பாடம் நடந்தது. ஆசிரியை என்ன நினைத்து நடத்தினாரோ, எனக்கு அது பைத்தியமாகவே பிடித்துக்கொண்டது. அம்மாவின் தையல் டேப்பை எடுத்துக்கொண்டு வீட்டில் உள்ளதையெல்லாம் அளந்து ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதினேன். ஐஸ் பெட்டியின் கதவு, பக்கத்து வீட்டுப் பூனையின் வால், அப்பாவின் தொப்பை. தொப்பைக்கு மட்டும் தனிப் பக்கம்: சாப்பிடுவதற்கு முன் எவ்வளவு, சாப்பிட்ட பின் எவ்வளவு. அப்பாவும் மூச்சைப் பிடிக்காமல் நேர்மையாக நின்று கொடுப்பார்.

நாங்கள் மலேசியாவின் தென்கோடியில், ஜொகூர் மாநிலத்துத் தம்போயில் ஓர் அடுக்குமாடியின் நான்காவது மாடியில் குடியிருந்தோம். லிஃப்ட் கிடையாது. அப்பா தொழிற்சாலைப் பேருந்து ஓட்டினார். அம்மாவுக்கு எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. அக்காவுக்குப் பதினேழு வயது. இடைநிலைப்பள்ளியின் நானூறு மீட்டர் ஓட்டக்காரி. எங்கள் மாடிப்படிகளை அவள் இரண்டிரண்டாகத் தாவித்தான் ஏறுவாள். அதைப் பார்ப்பதில் அப்பாவுக்கு அப்படி ஒரு பெருமை. அவரும் சின்ன வயதில் சாஆ என்ற ஊரின் பக்கத்துத் தோட்டத்தில் ஓடியவர். செம்பனைக் காட்டுச் செம்மண் பாதையில் வெறுங்காலோடு ஓடி ஒரு பிளாஸ்க் பரிசு வாங்கியிருக்கிறார். அம்மாதான் அக்கா ஓடி ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. போட்டிகள் எல்லாம் அவளுடைய ஷிப்டு நேரத்திலேயே வந்தன.

அந்த மாதம் அக்காவின் பள்ளிக்குழு ஒரு போட்டிக்காக அலோர்ஸ்டார் போய்வந்தது. ஜொகூரின் இந்தக் கோடியிலிருந்து நாட்டின் அந்தக் கோடிக்குப் பேருந்தில் போக ஏறக்குறைய ஒரு பகல் முழுவதும் ஆகும். வழியில் கழிப்பறைக்கு இறங்க வேண்டியிருக்குமே என்று அக்கா போகும்போதும் வரும்போதும் தண்ணீரே குடிக்கவில்லை. இதை அவளே பின்னால் மருத்துவரிடம் ஒப்புக்கொண்டாள். வெள்ளிப்பதக்கத்தோடு திரும்பி வந்தவள் இடது காலைக் கொஞ்சம் இழுத்து நடந்தாள். தசைப்பிடிப்பு என்று சொன்னாள். ஓட்டக்காரிக்குத் தசைப்பிடிப்பு வருவது பேருந்துக்குப் பஞ்சர் வருவது மாதிரிதான் என்று அப்பா விட்டுவிட்டார். அந்த வாரச் சனிக்கிழமை மாநிலக் குழுவுக்கான தேர்வு ஓட்டம். வீட்டில் எல்லோருக்கும் அதே நினைப்பு.

நானும் அக்காவும் ஒரே அறை. திங்கட்கிழமை மாலை அவள் தலையணையின் மேல் காலைத் தூக்கி வைத்துப் படுத்திருந்தாள். எனக்கு அளக்க ஏதாவது வேண்டியிருந்தது. இரண்டு கெண்டைக்காலையும் அளந்தேன். இடது கால் இரண்டு சென்டிமீட்டர் கூடுதல்.

"அக்கா, ஒரு காலு குண்டா இருக்கு."

"ஓடுற காலு அப்படித்தான் இருக்கும் லா."

"ரெண்டு காலாலயும்தானே ஓடுறீங்க?"

அவள் போர்வையை இழுத்துக் காலை மூடிக்கொண்டாள். நான் தினமும் அளக்க அனுமதி கேட்டேன். யாரிடமும் சொல்லக்கூடாது என்ற நிபந்தனையோடு கொடுத்தாள். புதன்கிழமை மூன்று சென்டிமீட்டர். வெள்ளிக்கிழமை நான்கு. நோட்டில் எண்கள் ஏறிக்கொண்டே போவதைப் பார்க்க எனக்கு ஆசையாக இருந்தது. பூனையின் வாலோ ஐஸ் பெட்டியின் கதவோ இப்படி ஒரு நாளும் மாறியதில்லை.

அந்த வெள்ளிக்கிழமை மதியம் பள்ளி முடிந்து இருவரும் சேர்ந்து படியேறினோம். அக்கா ஒவ்வொரு படியாக ஏறினாள். மூன்றாவது மாடியில் உட்கார்ந்துவிட்டாள். வாயைத் திறந்து மூச்சு வாங்கினாள். ஒரு கையால் விலாவைப் பிடித்துக்கொண்டாள். நானூறு மீட்டர் ஓடிவிட்டுக்கூட அவள் அப்படி மூச்சுவாங்கி நான் பார்த்ததில்லை.

"காலு வலிச்சா மூச்சும் வாங்குமா அக்கா?" என்று கேட்டேன்.

"வாய மூடு. சொன்னா பாரு. நாளைக்கு ஓடிட்டு நானே அம்மாகிட்ட சொல்றேன்."

நான் சொல்லவில்லை. சத்தியமாகச் சொல்லவில்லை. கேள்விதான் கேட்டேன். அன்று அம்மாவுக்குக் காலை ஷிப்ட். மாலை ஆறு மணிக்கே எல்லோரும் சேர்ந்து சாப்பிட உட்கார்ந்தோம். மதியத்திலிருந்து மனதில் அரித்துக்கொண்டிருந்ததை நான் கேட்டுவிட்டேன்.

"அம்மா, வளர்றப்போ ஒரு காலு முதல்ல வளர்ந்து, இன்னொரு காலு அப்புறமா வளருமா?"

மேசைக்கு அடியில் அக்கா என்னை உதைத்தாள். வலது காலால்.

"யாரு காலு?" என்றாள் அம்மா.

நான் அக்காவைப் பார்த்தேன். அது போதுமாக இருந்தது.

"பேன்ட தூக்கும்மா, பாப்போம்" என்றார் அப்பா.

"ஒன்னும் இல்லப்பா. மசல் புடிச்சிருக்கு. சிக்கு ஐஸ் வைக்கச் சொன்னாரு." பள்ளிப் பயிற்றுநரைத்தான் சிக்கு என்போம்.

அம்மா குனிந்து தானே தூக்கிப் பார்த்தாள். கால் பளபளவென்று, ஊதா கலந்த சிவப்பில் இருந்தது. உதவியாக இருக்கட்டும் என்று நான் சொன்னேன்: "நாலு சென்டிமீட்டர்மா. திங்கக்கிழமை ரெண்டுதான் இருந்துச்சு. படியேறப்போ அக்கா மூணாவது மாடியில உக்காந்துருச்சு."

அப்பா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "நாளைக்குக் காலைல செலெக்‌ஷன். ஒம்பது மணிக்கெல்லாம் முடிஞ்சிரும். முடிஞ்ச கையோட கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போயிரலாம்."

"ஆமாம்பா. நாளைக்கு மட்டும் விடுங்க" என்றாள் அக்கா. அவள் கெஞ்சி அதுவரை நான் கேட்டதில்லை.

அம்மா பாதிச் சாப்பாட்டில் எழுந்து கையைக் கழுவினாள். "இப்பவே போலாம். காடிய எடுங்க."

அப்பாவிடம் அம்மா அப்படிப் பேசியதும் அதுதான் முதல்முறை. அப்பா காரின் சாவியைத் தேடினார். நான்கு மாடியும் அக்காவைத் தாங்கிக்கொண்டு இறங்கினோம். அவள் வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தாள். காரில் என் பக்கம் திரும்பி ஒரே வார்த்தை சொன்னாள்: "துரோகி." அதன் பொருள் எனக்குச் சரியாகத் தெரியவில்லை. மறுநாள் அகராதியில் பார்த்தேன்.

ஆஸ்பத்திரியில் காலில் பசை மாதிரி ஒன்றைத் தடவி ஸ்கேன் எடுத்தார்கள். காலின் உள் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து அடைத்திருந்தது. அதிலிருந்து ஒரு துண்டு பிய்ந்து நுரையீரலுக்குப் போயிருந்தது. எங்களைப் பார்த்த மருத்துவர் ஒரு தமிழ்ப் பெண். கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டுக்கொண்டு நிதானமாகப் பேசினார்.

"நாளைக்கு இந்தக் காலோட ஓடியிருந்தா..." என்று தொடங்கி, அக்காவைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

"ஓடியிருந்தா என்ன ஆகும் டாக்டர்?" என்று நான் கேட்டேன். அப்பா என்னை வெளியே அழைத்துக்கொண்டு போய்விட்டார். அன்று அவர் என் கையை மிகவும் இறுக்கிப் பிடித்திருந்தார்.

மறுநாள் காலை மருத்துவர் இன்னொரு கேள்வியோடு வந்தார். "இந்த வயசுல, ஓடி ஆடுற பிள்ளைக்கு இப்படி வர்றது அபூர்வம். உங்க குடும்பத்துல யாருக்காவது வந்திருக்கா? திடீர்னு யாராவது தவறியிருக்காங்களா?"

இல்லை என்றார் அப்பா. மருத்துவர் எழுதிக்கொண்டு கிளம்பும்போது, "எங்க அக்கா ஒருத்தங்க" என்று தொடங்கினார் அப்பா. "சாஆவுல. பிள்ள பொறந்து பத்து நாள்கூட ஆகல. நல்லாத்தான் இருந்தாங்க. எந்திரிச்சி நின்னாங்க, மூச்சு விட முடியலன்னாங்க, விழுந்துட்டாங்க. காத்து கருப்பு அடிச்சிருச்சின்னு சொன்னாங்க தோட்டத்துல."

எனக்கு அப்படி ஓர் அத்தை இருந்தது அன்றுதான் தெரியும். அம்மாவுக்குத் தெரியும் என்பது அவள் முகத்தில் தெரிந்தது. மருத்துவர் திரும்பி வந்து நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

மருந்து ஏற்றுவதற்கு முன் எடுத்துவைத்த அக்காவின் ரத்தத்தை எங்கேயோ அனுப்பினார்கள். பல வாரம் கழித்து விவரம் வந்தது. ரத்தத்தில் புரோட்டீன் எஸ் என்று ஒன்று உண்டாம். அடிபட்ட இடத்தில் ரத்தம் உறையத்தான் வேண்டும், ஆனால் போதும் என்று நிறுத்தவும் ஒன்று வேண்டும். அந்த நிறுத்துகிற சரக்கு அக்காவுக்குப் பிறவியிலேயே குறைவு. "பிரேக்கு" என்றார் அப்பா. "அதேதான் அங்கிள்" என்றார் மருத்துவர். ஒருவரை மட்டும் பார்த்து உறுதியாகச் சொல்ல முடியாது என்று அப்பாவின் ரத்தத்தையும் எடுத்தார்கள். அவருக்கும் குறைவாக இருந்தது. இத்தனை வருடமாகப் பேருந்து இருக்கையில் மணிக்கணக்கில் உட்கார்ந்தவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஓடிக்கொண்டிருந்த அக்காவுக்கு வந்துவிட்டது. எப்படி என்று நான் கேட்டேன். அதுதான் எங்களுக்கும் தெரியவில்லை என்றார் மருத்துவர். ஒரு பெரியவர் தனக்குத் தெரியாது என்று சொன்னது எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

வீடு மாறிப்போனது. முதலில் அக்காவுக்கு வயிற்றில் ஊசி, பிறகு தினமும் மாத்திரை. ரத்தம் ரொம்பவும் நீர்த்துப் போயிற்றா என்று பார்க்க வாராவாரம் கிளினிக். அந்த மாத்திரைக்கும் கீரைக்கும் ஒத்துவராது என்பதால் கீரையை ஒரு வாரம் அதிகமாகவும் ஒரு வாரம் குறைவாகவும் சாப்பிடக்கூடாது. அம்மா எப்போதும் ஒரே கிண்ணத்தில் அளந்து வைத்தாள். இடது காலுக்கு மட்டும் இறுக்கமான நீளக் காலுறை. அக்கா மருத்துவரிடம் ஒவ்வொரு முறையும் ஒரே கேள்வியைத்தான் கேட்டாள்: "எப்ப ஓடலாம்?" அவரும் ஒவ்வொரு முறையும், "ஓடலாம்மா, ஓடத்தான் போற. முதல்ல நட" என்பார். அக்கா மாலையில் அடுக்குமாடியைச் சுற்றி நடந்தாள். நான் பின்னாலேயே போனேன். நான் ஏதாவது கேட்டால் பதில் வராது. வழக்கமாக அவளிடம் தோற்றுக்கொண்டிருந்த ஒருத்தி தேர்வு ஓட்டத்தில் ஜெயித்து மாநிலக் குழுவில் இடம்பிடித்துவிட்டாள்.

அப்போதுதான் எனக்குள் அடுத்த கேள்வி முளைத்தது. அக்காவுக்குக் குறைவு. அப்பாவுக்குக் குறைவு. எனக்கு?

அடுத்த கிளினிக் நாளில் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு மருத்துவர் முன்னால் நின்றேன். "எனக்கும் எடுங்க."

"உனக்கு அவசரமே இல்ல. பெரியவளான பிறகு பாத்துக்கலாம்" என்று சிரித்தார் அவர்.

"வேணாம் டாக்டர்" என்றாள் அம்மா உடனே. "அவ சின்னப் பிள்ள. வேணாம்."

நான் விடவில்லை. காரில் கேட்டேன், வீட்டில் கேட்டேன், அம்மா ஷிப்டு முடிந்து களைத்து வரும்போது வாசலிலேயே நின்று கேட்டேன். எனக்கும் இருக்கப் பத்துக்கு ஐந்து என்பது மாதிரி சரிபாதி வாய்ப்பு என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அப்படியானால் விடை ஒன்று எங்கேயோ இருக்கிறது, எனக்குள்ளேயே இருக்கிறது, அதைப் பார்க்காமல் எப்படி இருப்பது? ஊசி வலிக்கும் என்று அம்மா பயமுறுத்தினாள். வலித்தால் பரவாயில்லை என்றேன். கடைசியில் அப்பாதான் இறங்கி வந்தார். அம்மா உள்ளே வரவில்லை. மிஸ்ஸி, அதாவது நர்ஸ், ரத்தம் எடுக்கும்போது நான் கண்ணை மூடாமல் குழாயில் ஏறுவதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று ரத்தம் எடுத்ததால் எனக்கு விளைந்தது எல்லாம் நல்லதுதான். எனக்கு இன்றுவரை ஒரு ரத்தக்கட்டும் வந்ததில்லை. நான் கர்ப்பமாக இருந்தபோதும், பிரசவத்துக்குப் பிறகு ஆறு வாரமும் எனக்கு நானே ஊசி போட்டுக்கொண்டேன். முன்பே தெரிந்திருந்ததால் தப்பித்தீர்கள் என்று சொன்னார்கள். அக்காவும் ஓடினாள். அடுத்த வருடப் பள்ளிப் போட்டியில் அம்மா லீவு எடுத்து வந்து வெயிலில் உட்கார்ந்திருக்க, அக்கா ஐந்தாவதாக வந்தாள். அம்மாவுக்கு அவள் எத்தனையாவதாக வந்தாள் என்றே தெரியவில்லை. அக்கா கோட்டைத் தாண்டி நின்று மூச்சு விடுவதைப் பார்த்ததும் கை தட்டினாள். இப்போது முப்பதைத் தாண்டியும் அக்கா நெடுந்தூரம் ஓடுகிறாள், மாத்திரையோடும் காலுறையோடும். விமானத்தில் உட்காரச் சொன்னாலும் உட்காராமல் தண்ணீர்ப் போத்தலோடு நடந்துகொண்டே இருப்பாள்.

ஆனால் என் ரத்தத்தின் விவரம் வந்த நாள் அப்படி இல்லை. அம்மா ஆஸ்பத்திரி கேன்டீனில் உட்கார்ந்திருந்தாள். முன்னால் ஆறிப்போன தேநீர். அப்பாவும் அக்காவும் பின்னால் மெதுவாக நடந்து வர, நான் மேசைகளுக்கு இடையில் புகுந்து ஓடினேன். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். கேட்ட கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. அதோடு, அக்காவிடம் இருப்பதில் ஒன்று முதல்முறையாக என்னிடமும் இருந்தது.

"அம்மா, எனக்கும் இருக்கு! அப்பாவுக்கு, அக்காவுக்கு, எனக்கு. நம்ம வீட்ல உங்களுக்கு மட்டும்தான் இல்ல!"

அம்மா அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள். அப்பா வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். இத்தனை நாள் பேசாமல் இருந்த அக்கா என் அருகில் வந்து, "கத்தாத பாப்பா, வா, உக்காரு" என்றாள். என்னை மன்னித்துவிட்டாள் போலிருக்கிறது, எதற்காக இன்றைக்கு என்று எனக்கு விளங்கவில்லை.

நான் உட்காருவதற்குள் அம்மா என்னை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். பத்து வயதுப் பெண். என் கால் தரையில் இடித்தது. பக்கத்து மேசையில் நாசி லெமாக் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் பார்த்தார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது.  அம்மா ஒரு கையால் என்னை அணைத்தபடி, இன்னொரு கையால் என் முழங்காலிலிருந்து கணுக்கால்வரை மெல்ல அழுத்தி அழுத்திப் பார்த்தாள். முதலில் ஒரு கால், பிறகு மறு கால், திரும்பவும் முதல் கால்.

கிச்சுகிச்சு மூட்டுகிறாள் என்று நினைத்து நான் சத்தமாகச் சிரித்தேன்.