செல்லத்தாய்க்காக எடுத்து வைத்த டயர்கள்

தேவஇரக்கம் ஓர் ஓட்டைக் காரை மாட்டில் கட்டி இழுத்துக்கொண்டு கூமாப்பட்டிக்குள் வந்த அன்று ஊரே சிரித்தது. நானும் சிரித்தேன். பள்ளிக்கூட வாத்தியார் சிரிக்கலாமா என்று கேட்காதீர்கள். முன்னால் சோலைச்சாமியின் காளைகள், பின்னால் கார், காருக்குள் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு விறைப்பாக உட்கார்ந்திருந்த முன்னாள் பட்டாளத்துக்காரன். யாருக்குத்தான் சிரிப்பு வராது? அது 1943, பங்குனி மாதம்.

அவன் எனக்கு ஆறு வயது இளையவன். பட்டாளத்தில் ஏழு வருஷம் லாரி ஓட்டினான். கடைசியாக எகிப்து மணலில். அங்கே முழங்காலில் அடிபட்டு, ஒரு காலைச் சாய்த்து நடக்கிறவனாக ஊர் திரும்பினான். அவன் கப்பலேறிப் போயிருந்த சமயத்தில்தான் அவன் மனைவி செல்லத்தாய்க்குத் தலைப்பிரசவம். ஒரு பகலும் ஓர் இரவும் வலியில் கிடந்தவளைக் கட்டைவண்டியில் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். பதினாறு மைல். பிள்ளை அழாமலே பிறந்தது, தங்கவில்லை. அந்தச் செய்தியை அவனுக்குக் கடிதமாக எழுதியவன் நான். எழுதத் தெரிந்த குற்றத்துக்கு எனக்குக் கிடைத்த தண்டனை அது.

"ஒவ்வொரு பள்ளத்துக்கும் அது வயித்துக்குள்ள ஒரு தடவ செத்துச்சு, வாத்தியாரய்யா" என்றாள் செல்லத்தாய் என்னிடம். குலுக்கல்தான் காரணமா, வேறு ஏதுமா, எனக்குத் தெரியாது. ஆனால் அடுத்த முறை குலுங்காமல் கொண்டு வாருங்கள், முன்கூட்டியே கொண்டு வாருங்கள் என்று ஆஸ்பத்திரி நர்சம்மா சொல்லியனுப்பியது உண்மை. தேவஇரக்கம் ஊருக்கு வந்ததும் அந்த ஒரு பேச்சைப் பிடித்துக்கொண்டான். வத்திராயிருப்பிலிருந்து பஸ் இருந்தது. கரியில் ஓடுகிற பஸ். ஏறினவர்களே இறங்கித் தள்ள வேண்டும். அதை நம்புவதற்குக் கழுதையை நம்பலாம்.

பட்டாளத்துப் பணத்தோடு ராஜபாளையம் போனான். அங்கே ஒரு ராஜு வீட்டுப் பஞ்சுக் கிட்டங்கியில் இந்தக் கார் பத்து வருஷமாகக் கோழி அடைந்து கிடந்தது. "தீசுகோ நாயனா, தீசுகோ" என்று கிட்டங்கிக் காவல்காரர் தெலுங்கில் ‘எடுத்துக்கோப்பா’ சொல்லி, சனியன் தொலைந்தது என்கிற மாதிரி கதவைத் திறந்துவிட்டாராம். எஞ்சினில் பெரிய பழுதில்லை. பத்தே நாளில் அதை உறும வைத்துவிட்டான். வில்லங்கம் எல்லாம் சக்கரத்தில் இருந்தது.

அந்தக் காலத்துக் கார் அது. அச்சு மாட்டும் குடம் இரும்பு, வெளிவட்டம் இரும்பு, நடுவில் ஆரக்கால்கள் மட்டும் மரம். சக்கரத்துக்குப் பன்னிரண்டு. காய்ந்து சுருங்கி, சக்கரத்தை ஆட்டினால் கடகடவென்று சத்தம் போட்டன. இவன் பட்டாளத்தில் பார்த்ததெல்லாம் இரும்புச் சக்கரம். மரச் சக்கரத்துக்கு யாரிடம் யோசனை கேட்பது? வண்டிக்காரன் சோலைச்சாமியிடம்தான் கேட்டான்.

"இதுக்குப் போயா மண்டைய ஒடைக்க? ரெண்டு நாள் கம்மாயில போடுலே. கம்முனு இறுகிரும்" என்றார் சோலைச்சாமி.

தப்பான யோசனை என்று அன்றைக்கு எங்கள் ஊரில் ஒருவனும் சொல்லியிருக்க மாட்டான். கோடை வந்தால் கட்டைவண்டிச் சக்கரங்களைக் கழற்றிக் கண்மாயில் ஊறப்போடுவது எங்களுக்குப் பல் விளக்குவது போல. நாலு கார்ச் சக்கரமும் கண்மாய்க்குள் போயின. மூன்றாம் நாள் எடுத்தபோது கல் மாதிரி இறுகியிருந்தன. பழைய டயரை மாட்டி வத்திராயிருப்பு வரை ஓட்டிக் காட்டி, சந்தோஷத்தில் எல்லோருக்கும் சுக்குக் காப்பி வாங்கிக் கொடுத்தான்.

வைகாசிக் காற்று ஒரு வாரம் அடித்தது. சக்கரம் காய்ந்தது. ஒரு காலை அவன் பின் சக்கரத்தைப் பிடித்து அசைத்தபோது ஓர் ஆரக்கால் கையோடு வந்துவிட்டது. கட்டைவண்டிச் சக்கரத்தில் குடமும் மரம், வெளிவட்டமான வட்டையும் மரம்; எல்லாம் சேர்ந்து ஊதும், சேர்ந்து சுருங்கும். காரிலோ இரண்டு பக்கமும் இரும்பு. ஊத இடமில்லாமல் மரம் நசுங்கிப் போய், காய்ந்ததும் முன்னைவிட ஒல்லியாகிவிட்டது. போதாததற்கு இரும்பு வட்டம் முழுக்கத் துரு.

சோலைச்சாமி அந்தப் பக்கம் தலைகாட்டவே இல்லை. தேவஇரக்கம் அவரைத் திட்டவும் இல்லை. "கேட்டது நானு. போட்டது நானு" என்று சொல்லிவிட்டு, மிச்சமிருந்த நாற்பத்தேழு ஆரக்கால்களையும் ஒவ்வொன்றாகக் கழற்றித் தரையில் அடுக்கினான். எனக்குத்தான் அவன்மேல் எரிச்சலாக வந்தது. விட்டுத் தொலைத்தால் என்ன? ஆடியில் செல்லத்தாய் மறுபடி உண்டாகியிருப்பது தெரிந்தது. மாசிக் கடைசியில் பிரசவம் என்று கணக்கு. அதன் பிறகு விட்டுத் தொலை என்று சொல்ல எனக்கும் வாய் வரவில்லை.

ஊர்த் தச்சர் சமுத்திரம் ஆசாரி இருபது வருஷம் வெயில் குடித்த வேலமர உத்தரம் ஒன்றை இடிந்த வீட்டிலிருந்து வாங்கி வந்தார். தண்ணீர் ஒரு சொட்டுப் படக்கூடாது என்பது தேவஇரக்கத்தின் கட்டளை. ஆரக்கால் ஒவ்வொன்றையும் இழைத்து, குடத்தில் இறுக்கி, சக்கரத்தைச் சுழற்றிவிட்டு ஓரத்தில் ஓர் ஈர்க்குச்சியைப் பிடிப்பான். சுற்று முழுக்கக் குச்சி ஒரே மாதிரி உரச வேண்டும். ஓர் இடத்தில் உரசி ஓர் இடத்தில் விட்டால் கழற்று, மறுபடி இழை.

"ஏலே, இது என்ன மோதிரமா? சக்கரம்லே!" என்று ஆசாரி உளியைத் தூக்கி எறிந்துவிட்டுப் போன நாட்கள் உண்டு. மறுநாள் தேவஇரக்கம் போய் அவரைக் கூட்டி வருவான். நாற்பத்தெட்டும் முடிய ஆவணி தாண்டிவிட்டது.

அடுத்தது டயர். காரோடு வந்த பழைய டயர்கள் பாளம் பாளமாக வெடித்திருந்தன. மலாய் நாடு ஜப்பான்காரன் கையில் போனதிலிருந்து ரப்பர் வருவதில்லை. புது டயருக்குப் பெர்மிட் வேண்டும், பெர்மிட்டுக்குப் பெரிய மனிதராக இருக்க வேண்டும். இவன் மறுபடி ராஜபாளையம் போனான். வாடகைக் கார்கள் நிற்கும் ஒரு ஷெட்டின் பின்னால், செருப்புத் தைப்பவர்கள் விலை பேசி வைத்திருந்த கழிசல் டயர்க் குவியல் ஒன்று கிடந்தது. அதற்குள் இரண்டு நாள் உட்கார்ந்துவிட்டான். சரியான அளவுள்ளதாகப் பார்த்து எடுப்பான். வெயிலில் தூக்கிப் பிடித்து மடக்கி, பக்கவாட்டில் வெடிப்பு ஓடுகிறதா என்று பார்ப்பான். பிறகு கண்ணை மூடிக்கொண்டு உள்பக்கம் கையைவிட்டுத் தடவுவான். உள்ளே நூல் அறுந்திருந்தால் விரலுக்குத் தெரியுமாம்.

ஷெட் மெக்கானிக் பால்துரைக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "செருப்புக்குப் போறத எடுத்துக் காருக்கா மாட்டப் போற?"

"செருப்புக்கு மேல்ரப்பர் போதும் அண்ணாச்சி. எனக்கு உள்நூலு வேணும்" என்றான் இவன்.

முப்பதுக்கு மேல் புரட்டி நாலு தேறியது. அதிலும் இரண்டுதான் நல்லது; மற்ற இரண்டு சுமார். நல்லதைப் பின்னால் போடு, பாரம் அங்கேதான் என்றது ஊர். அவன் முன்னால் போட்டான். "பின் டயர் வெடிச்சா வண்டி நொண்டும். முன் டயர் வெடிச்சா பனமரத்துல ஏறும். நொண்டுனா பாத்துக்கிடலாம்" என்றான்.

அப்புறம் அவன் செய்ததுதான் ஊரை ஆத்திரப்பட வைத்தது. காரை நாலு கட்டைமேல் தூக்கி நிறுத்தினான், பாரம் டயரில் விழாமல். வெயில் படாமல் சாக்குப் போட்டு மூடினான். ஞாயிறு தோறும் கோவில் முடிந்து வந்து காற்றைச் சரிபார்ப்பான். ஒருவரையும் ஏற்றவில்லை. பாதிரியார் ஒரு கல்யாணத்துக்குக் கேட்டார், இல்லை என்றான். எனக்குப் பல்வலி, கன்னம் பூசணியாக வீங்கியிருந்தது. வத்திராயிருப்பு வரைக்கும் கொண்டு போய் விடு என்று கேட்டேன்.

"நடந்து போங்க வாத்தியாரய்யா. இந்த டயரு செல்லத்தாய்க்கு" என்றான்.

ஒரு மாதம் அவனோடு நான் பேசவில்லை. பேசாமல் இருந்ததற்காக இப்போது வெட்கப்படுகிறேன்.

தை மாதம் பிறந்து, அறுவடை முடிந்து களத்தில் வைக்கோல் போர் ஏறியிருந்தது. மாசி பிறந்ததும் செல்லத்தாயை ஸ்ரீவில்லிபுத்தூரில் கொண்டுபோய் விடுவதாக ஏற்பாடு. யுத்தக் காலக் கூப்பனுக்கு அளந்து கொடுத்த பெட்ரோலும் சேர்த்து வைத்தாயிற்று. அப்போது சோலைச்சாமியின் மகள் கருத்தம்மாளுக்கு வலி கண்டது. ஒரு நாள் கடந்தும் பிள்ளை இறங்கவில்லை. சோலைச்சாமி காரைக் கேட்க வரவில்லை. எந்த முகத்தோடு வருவார்? வண்டியைப் பூட்டிக்கொண்டிருந்தார். செய்தி செல்லத்தாயின் காதுக்குப் போயிற்று.

"அந்தப் பிள்ளைய ஏத்திட்டுப் போங்க" என்றாள் புருஷனிடம். நான் அப்போது அங்கேதான் நின்றேன்.

"பின்னால உள்ள ரெண்டும் எம்புட்டுத் தாங்கும்னு எனக்கே தெரியாது செல்லத்தாயி. ஒனக்குன்னு வச்சிருக்கேன்."

"எனக்கு நாள் கெடக்கு. அவளுக்கு இல்ல."

அவன் காரைப் பார்த்தான். அவன் முகம் போன போக்கை என்னால் பார்க்க முடியவில்லை. பிறகு காருக்கு அடியில் இருந்த கட்டைகளைத் தட்டி எடுத்தான்.

கருத்தம்மாள் ஒரு மணி நேரத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர் போய்ச் சேர்ந்தாள். அன்று மாலையே ஆண் பிள்ளை. திரும்பி வருகையில் வத்திராயிருப்புக்கு இந்தப் பக்கம் இடது பின் டயர் வெடித்தது. ஒரு சாண் நீளத்துக்குக் கிழிசல், டியூப் நார்நாராகப் போயிற்று. மாற்று டயர் கிடையாது; மறுபடியும் மாடு கட்டித்தான் காரை ஊருக்கு இழுத்து வந்தார்கள். மறுநாளே ராஜபாளையம் ஓடினான். குவியல் முழுக்கச் செருப்பாகிவிட்டிருந்தது. வெறுங்கையோடு வந்தவன் கிழிந்த டயரை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தான்.

அதற்கடுத்த நாள் காலை, நாளுக்கு ஒரு மாதம் முன்பாகவே, செல்லத்தாய்க்குப் பனிக்குடம் உடைந்தது.

"வண்டியப் பூட்டட்டா?" என்று ஓடி வந்தார் சோலைச்சாமி.

"வண்டி வேண்டாம்" என்றான் தேவஇரக்கம். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. "வைக்கோல் கொண்டாங்க அண்ணாச்சி. பிரி திரிச்சுக் கொண்டாங்க. நனைச்சு."

எகிப்தில் டியூப் இல்லாத லாரி டயருக்குள் சிப்பாய்கள் புல்லை அடைத்து ஓட்டியதை அவன் பார்த்திருக்கிறான். எங்கள் ஆட்களுக்கு வைக்கோலைக் கயிறாக முறுக்கிப் பிரி திரிக்கக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. எட்டுப் பேர் உட்கார்ந்து, கதிர்க்கட்டுக்குத் திரிப்பது போலக் மணிக்கட்டுக் கனத்தில் திரித்துத் தள்ளினார்கள். அவன் அதைச் சக்கரத்தைச் சுற்றி இறுக்கி இறுக்கிச் சுற்றி, மேலே டயரை ஏற்றினான். கிழிசலுக்குள் வைக்கோல் பிதுங்கியது. சோலைச்சாமி தன் கிணற்றில் மாடு கட்டித் தண்ணீர் இறைக்கும் கமலையின் தோலை அரிவாளால் அறுத்துக் கொண்டுவந்து போட்டார். அந்தத் தோலைக் கிழிசலின் மேல் போர்த்தி, வாரால் வரிந்து கட்டினார்கள். கமலை இல்லாமல் அந்த வாரம் அவர் தோட்டம் காயும் என்று அவருக்குத் தெரியாதா என்ன?

செல்லத்தாயும் அவள் அக்காவும் பின்னால், நான் முன்னால், சோலைச்சாமி தண்ணீர்ப் பானையோடு மிதிபலகையில். வேகமாகப் போனால் வைக்கோல் சூடேறிப் பற்றிக்கொள்ளும். ஆகவே மாட்டுவண்டியைவிடக் கொஞ்சம் வேகம், அவ்வளவே. மைலுக்கு ஒரு தடவை நிறுத்துவான், சோலைச்சாமி இறங்கி டயரில் தண்ணீர் ஊற்றுவார், ஆவி கிளம்பும். பள்ளம் வந்தால் அந்த இடது பின் சக்கரம் அதில் விழாதபடி ஸ்டியரிங்கை ஒடிப்பான். பதினாறு மைலும் அவன் கண் அந்தச் சக்கரம் போகிற தடத்திலேயே இருந்தது.

"குலுக்குதா?" என்று திரும்பாமலே கேட்பான்.

"இல்ல. ஓட்டுங்க" என்பாள் செல்லத்தாய், பல்லைக் கடித்துக்கொண்டு.

கிருஷ்ணன்கோவில் தாண்டியதும் வைக்கோல் புகைய ஆரம்பித்தது. பானையில் தண்ணீர் தீர்ந்துவிட்டது. சோலைச்சாமி வாய்க்காலுக்கு ஓடினார். தேவஇரக்கம் தன் சட்டையைக் கழற்றிப் புகையை அமுக்கினான். கை வெந்தது.  கர்த்தரே, இந்தப் பாவிக்கு இன்னும் எத்தனை சோதனை என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். சோலைச்சாமி கொண்டுவந்த தண்ணீரை அவன் டயரில் ஊற்றினான். வாரை இறுக்கிவிட்டு ஏறி உட்கார்ந்தான்.

மூன்று மணி நேரத்தில் ஆஸ்பத்திரி வாசலுக்குப் போய்ச் சேர்ந்தோம். செல்லத்தாயை உள்ளே கொண்டுபோனார்கள். அவன் உள்ளே வரவில்லை. பின் சக்கரத்தின் அருகில் குந்தி, கருகிய வைக்கோலைப் பிடுங்கிப் பிடுங்கிப் போட்டான். உச்சி வெயில் சாய்ந்தது. வார்டுக்குள்ளிருந்து ஒரு பிள்ளை வீறிட்டு அழுகிற சத்தம் கேட்டது. நிற்கிற மாதிரி இல்லை.

"ஒங்க பேரனுக்கு நல்ல தொண்ட அண்ணாச்சி" என்றான் சோலைச்சாமியிடம்.

"தாத்தனக் கொண்டு பொறந்திருக்கான்" என்றார் அவர். பிரசவமான கருத்தம்மாள் இன்னும் அங்கேதான் இருந்தாள்.

நர்சம்மா வெளியே வந்தார். "செல்லத்தாய் வீட்டுக்காரர் யாரு? பொம்பளப் பிள்ள. தாயும் நல்லா இருக்கா."

அவன் எழுந்திருக்கவில்லை. தலையைக் குனிந்தபடியே கேட்டான்: "அழுதுச்சாம்மா?"

"என்னய்யா கேள்வி இது? காது கேக்கலையா? கால் மணி நேரமா அதுதானே கத்துது. அந்தப் பையன் தூங்குதான்."

சோலைச்சாமி வாயைப் பொத்திக்கொண்டார். தேவஇரக்கம் மெல்ல எழுந்தான். கண்ணீர் தாடை வரை வழிந்தது, துடைக்கவில்லை. கை நிறையக் கருகிய வைக்கோலோடு, அந்த அழுகை ஓய்கிறவரை அப்படியே நின்று கேட்டுக்கொண்டிருந்தான்.