சொல்லாமல் விட்ட தடம்

என் முதுகை என்னைவிட நன்றாகத் தெரிந்த ஒரு மனிதர் குற்றாலத்தில் இருந்தார். அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர். என் பிள்ளைகள் மானத்தோடு வளர்ந்தார்கள் என்றால் அதில் பாதி அவர் கொடுத்தது. கொஞ்சம் மிகையாகச் சொல்கிறேன் என்று தோன்றினால் தோன்றட்டும்.

அறுபதுகளின் தொடக்கம். குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் மானேஜராக இருந்தேன். வீடு மேலகரத்தில். சீசன் நேரம் ஒரு அறையில் தங்கியிருந்த அம்மாளின் தங்கச் சங்கிலியைக் காணவில்லை. சாவிக்கொத்து என் இடுப்பில் இருந்ததால் என்னை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனார்கள். எந்த ஸ்டேஷன் என்று எழுத மாட்டேன். நான் வேறு சும்மா இருந்தேனா? "திருடுகிற மூஞ்சியா இது?" என்று ஏட்டையாவிடமே எகிறினேன். வாய்க்கொழுப்பு.

மறுநாள் காலை அந்த அம்மாள் ஈரச்சேலையை உதறியபோது மடிப்பிலிருந்து சங்கிலி விழுந்ததாம். அதற்குள் எனக்கு லத்தியால் ஐந்து அடி விழுந்திருந்தது. ஆறாவதாக, ஏட்டு தன் செருப்பைக் கழற்றிப் பிடரியில் ஒன்று வைத்தார். லாட ஆணி அடித்த செருப்பு; அதன் அச்சு அப்படியே பதிந்துவிட்டது.

விட்டுவிடும்போது ஏட்டுக்குத் திடீரென்று என் மேல் பாசம் பொங்கியது. "வாலே, எண்ணெய் தேச்சு அருவியில நில்லு. எல்லாம் சரியாப் போயிரும்" என்று அவரே கூட்டிப்போய் அந்த எண்ணெய்க்காரர் முன்னால் கல்லில் உட்கார வைத்தார். "பாறையில வழுக்கி விழுந்துட்டாரு. தடம் தெரியாம நல்லாத் தேச்சு விடும்" என்றார்.

சட்டையைக் கழற்றியதும் எண்ணெய்க்காரரின் கை ஒரு கணம் நின்றது. மற்றவர்களைப் படபடவென்று அடித்துத் தேய்க்கிற கை, என் மேல் பூப்போல நகர்ந்தது. பிடரிக்கு வந்ததும் விரலை எடுத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டேன். முதுகைப் பார்த்து என் மனைவி கத்திவிட்டாள். "இதைச் சும்மா விடப் போறியளா? எழுதிப் போடுங்க!" தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதுகிறவர்தான் விஷயத்தைச் சொன்னார். போலீஸ் மேல் இப்படிப் புகார் வந்தால் போலீஸே விசாரிக்க முடியாதாம், சப் கலெக்டர்தான் விசாரிக்க வேண்டுமாம். அப்படி ஒரு வழி இருப்பதே அன்றுவரை எனக்குத் தெரியாது. மனுவில் ஐந்து அடியை இடம் சொல்லி எழுத வைத்தேன். செருப்படியை எழுதவில்லை. அதை எழுதினால் ஊரில் எப்படி நடமாடுவது? மனைவியிடமே சொல்லவில்லையே.

மூன்று வாரம் கழித்துப் பயணியர் பங்களாவில் விசாரணை. அதற்குள் முதுகில் ஒரு தடம் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போகாதது என் மடத்தனம். மனு பொய்யென்று ஆகிவிட்டால் என் மேலேயே கேஸ் வரும், வேலையும் போகும் என்று லாட்ஜ் முதலாளி முன்னாடியே சொல்லிவிட்டார். ஏட்டு தெம்பாகப் பாறையில் விழுந்த கதையைச் சொன்னார்.

"தடத்தைப் பார்த்தவர்கள் யாராவது உண்டா?" என்றார் சப் கலெக்டர். மனைவியின் சாட்சி எடுபடாது. வேறு வழியில்லாமல் எண்ணெய்க்காரரைச் சொன்னேன். அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கவில்லை. அருவியில் யார் உட்காரலாம், யார் கூடாது என்பது போலீஸ் கையில் இருந்த காலம். அவர் பிழைப்பில் மண்ணைப் போடுகிறோமே என்பது சொன்ன பிறகுதான் உறைத்தது.

பியூன் போய் அவரை அப்படியே கூட்டி வந்தான், எண்ணெய்க் கையும் ஈரத் துண்டுமாக. சப் கலெக்டர் என்னைச் சட்டையைக் கழற்றித் திரும்பி நிற்கச் சொன்னார். மனுவைக் கையில் மறைத்துக்கொண்டார். "எங்கெங்கே இருந்தது? தொட்டுக் காட்டும்."

வாசலில் ஏட்டு முறைத்துக்கொண்டு நின்றார். எண்ணெய்க்காரர் அந்தப் பக்கமே திரும்பவில்லை. "இங்கன ஒண்ணு. இங்கன ஒண்ணு. விலாவுல ரெண்டு. தொடையில ஒண்ணு." ஒவ்வொன்றுக்கும் சப் கலெக்டரின் பேனா மனுவில் கீறுகிற சத்தம் கேட்டது.

"பாறையில் விழுந்ததாக இருக்கக் கூடாதா?"

"விழுந்தவுகளைத் தெனமும் தேய்க்கேன் எசமான். பாறைன்னா தோல் உரிஞ்சிருக்கும். இது கம்பு. ரெட்டைக் கோடா விழும், நடுவுல வெளுத்திருக்கும்."

"வேறே ஏதாவது?"

அவர் விரல் மேலே ஏறியது. பிடரிக்கு ஒரு சாண் கீழே நின்றது. கதவோரம் என் மனைவி நின்றிருந்தாள். ஐயோ, சொல்லிவிடப் போகிறாரே என்று கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

"இல்ல எசமான். அஞ்சுதான்."

உத்தரவு வந்தது. ஏட்டு பதவிப் பட்டையை இழந்து வேறு ஊருக்குப் போனார். முதலாளி சாவிக்கொத்தைத் திரும்ப என் கையில் கொடுத்தார். எண்ணெய்க்காரருக்கோ பேரருவியில் இடம் போயிற்று, ஐந்தருவிக்குப் போய்விட்டார். நான் அந்த லாட்ஜில் இருந்தவரை வருகிற ஆளையெல்லாம், "எண்ணெய் தேய்க்கணும்னா ஐந்தருவிக்குப் போங்க, அங்கே ஒருத்தர் இருக்கார்" என்று அனுப்பிக்கொண்டே இருந்தேன்.

மறு சீசனில் நானும் போய் அவர் முன்னால் உட்கார்ந்தேன். கை பிடரிக்கு வந்தது. பொறுக்கமுடியாமல் கேட்டேன். "அண்ணாச்சி, அன்னைக்கு இதை ஏன் சொல்லல?"

"எதை? இங்கன ஒண்ணும் இல்லையே" என்றார், எண்ணெயை வழித்துக்கொண்டே. "கண்ணை மூடிக்கோங்க, எண்ணெய் இறங்கும்."

மூடிக்கொண்டு அழுதேன். அவர் பாட்டுக்குத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.