அருமையக்காவின் கடல்

"நுவரெலியா எண்டால் சித்திரையிலைதான் போகோணும். அப்பதான் றோட்டுக்கரையெல்லாம் பூ..." என்று பத்மாசினியக்கா தொடங்கியதும், அருமையக்கா தையல் மெசினை மிதிக்க ஆரம்பிக்கிறார். ஊசியில் நூல் இல்லை. தைப்பதற்குத் துணியும் இல்லை. வெறும் மெசின் கடகடவென்று ஓடுகிறது. பூவுக்குப் பிறகு தங்கை சொன்னது விறாந்தையில் இருந்த எவருடைய காதிலும் விழவில்லை.

"கொஞ்சம் நிப்பாட்டன் அக்கா."

"எண்ணெய் விட்டனான். ஓட்டிப் பாக்கவேண்டாமே?"

புத்தூரில் எங்கள் ஒழுங்கையின் முதல் வீடு அருமைநாயகியுடையது. எங்கள் வீடு அதற்கு அடுத்தது. ஊரில் பாதிப் பெண்களின் சட்டையும் பள்ளிப் பிள்ளைகளின் வெள்ளை உடுப்பும் அவர் தைத்தவைதான். மின்சாரம் நின்று போய் வருடங்களாகிவிட்டன. காலால் மிதிக்கும் மெசினுக்கு அது ஒரு குறையில்லை. மெசின் எண்ணெய்தான் கிடைப்பதில்லை. தேங்காயெண்ணெய் விடுவார். அதனால் அவர் தைத்த சட்டையெல்லாம் முதல் தோய்ச்சல் வரை பலகாரம் போல மணக்கும்.

கலியாணம் செய்யாதவர். அறுபதை நெருங்குகிறார். பல்லிடுக்கில் எப்போதும் ஒரு குண்டூசி இருக்கும். அதை எடுக்காமலே கதைப்பார், சிரிப்பார். கோபம் வந்தால் மட்டும் எடுத்துச் சட்டையில் குத்திக்கொள்வார்.

தங்கை பத்மாசினி வேறுமாதிரி. ரெயில்வே ஸ்ரேசன் மாஸ்ரருக்கு வாழ்க்கைப்பட்டு, அவருக்கு மாற்றம் வந்த இடமெல்லாம் கூடவே போனவர். காலி, கண்டி, நானுஓயா, திருகோணமலை என்று ஊர் ஊராகக் குடியிருந்தவர். எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு கணவனும் மனைவியும் ஊருக்குத் திரும்பினார்கள். கணவர் காய்ச்சலில் போனபின் அக்காவுடனேயே இருக்கிறார்.

இது தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு, சண்டைக் காலம். ரெயில் ஓடுவதில்லை. றோட்டும் பூட்டு. இந்தக் குடாநாட்டை விட்டு வெளியே போவதென்றால் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் போக வேண்டும். அதனாலோ என்னவோ, சட்டை தைக்க வருகிற பெண்கள் அளவு கொடுத்ததும் வீட்டுக்குப் போவதில்லை. பத்மாசினியக்காவைச் சுற்றி உட்கார்ந்துவிடுகிறார்கள். "அக்கா, திருகோணமலைக்கு எப்ப போனால் நல்லது?" என்று, நாளைக்கே சந்தியில் பஸ் வந்து நிற்கப்போவது போலக் கேட்கிறார்கள். அவரும் அலுக்காமல் சொல்கிறார். சிவனொளிபாத மலைக்கு மார்கழி பிறந்தபின்தான் ஏறலாம். அதற்கு முந்தி மழையும் அட்டையும். காலிக்கோட்டை மதிலில் நடக்கத் தை மாதம். கண்டிக்கு ஆடி கழிய.

இதையெல்லாம் கேட்கும்போது அருமையக்காவுக்குப் பொறுக்காது. மறைக்கவும் அவருக்குத் தெரியாது. தங்கையின் கதைக்குச் சிரித்தவளுக்கு அளவு எடுத்தால் நாடாவை ஒரு இழுப்புக் கூடவே இழுப்பார். தேத்தண்ணிக்குப் பனங்கட்டி கடிக்கக் கொடுப்பதிலும் பேதம் உண்டு: மெசின் பக்கம் இருப்பவளுக்குப் பெரிய துண்டு, தங்கையின் பக்கம் இருப்பவளுக்குத் தூள்.

ஆனால் ஒரு கதையையும் அவர் கேட்காமல் விட்டதில்லை. எல்லாம் மனப்பாடம். "போன கிழமை நானுஓயாவிலை பனி முழங்கால் மட்டும் எண்டனீ. இண்டைக்கு இடுப்பு மட்டும் வந்திட்டுதே?" என்று மடக்குவார். குளிரைப் பற்றிய பேச்சே அவருக்குப் பிடிக்காது. "மார்கழி விடியக்காலமை எங்கடை கிணத்தடியிலை நிண்டு பாரன், தெரியும்" என்பார். "அடி காணாத நிலாவரைக் கிணத்தைப் பாக்க வெள்ளைக்காரன் கப்பலேறி வந்தவன். எனக்கு அது நடைதூரம்" என்றும் ஒருநாள் சொன்னார்.

அவரும் ஒருமுறை பயணப்பட்டவர்தான். எழுபத்து நாலாம் ஆண்டு சித்திரையில், அவரை நானுஓயாவுக்குக் கூட்டிப்போக மைத்துனர் வந்திருந்தார். புறப்படவிருந்த காலையில் தகப்பனாருக்குப் பாரிசவாதம். மைத்துனர் தனியே திரும்பினார். தகப்பனார் அதற்குப் பிறகு எட்டு வருடம் படுக்கையில் கிடந்தார். குளிப்பாட்டியது, ஊட்டியது, மலசலம் அள்ளியது எல்லாம் அருமையக்கா. அவர் செத்த பிறகு எங்கே போவது, யாரோடு போவது?

இந்தப் புரட்டாதியில் வல்லிபுரக் கோயில் கடல் தீர்த்தத்துக்குப் போக ஒழுங்கைப் பெண்கள் ஆசைப்பட்டார்கள். முருகேசண்ணை தன் உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிப்போக ஒத்துக்கொண்டார். "எத்தனை மணிக்குப் போனால் நல்லது?" என்று ஒருத்தி வழக்கம்போலப் பத்மாசினியக்காவைக் கேட்டாள். கலியாணம் முடித்துப் போன நாளிலிருந்து அவர் அந்தப் பக்கம் போனதில்லை.

அருமையக்கா பல்லிலிருந்த குண்டூசியை எடுத்தார். கோபமில்லாமல் அவர் அதை எடுத்ததை அன்றுதான் கண்டேன்.

"சாமி பின்னேரம்தான் கடலுக்குப் போகும். மத்தியானத்துக்கு முந்திப் போய் அன்னதானத்திலை தாமரை இலையிலை சோறு சாப்பிட்டிட்டு, மர நிழலிலை இருக்கோணும். வெயில் சாயமுந்தி மணலிலை கால் வைச்சியோ, பொசுங்கிப் போம். ஐப்பசியிலை போய்ப் பிரயோசனமில்லை. கடல் புரளத் தொடங்கியிடும். புரட்டாதிப் பூரணைதான் கணக்கு."

விறாந்தை முழுவதும் அவர் பக்கம் திரும்பியது. அன்றைக்கு எல்லோருக்கும் பெரிய துண்டுப் பனங்கட்டி.

என் மனைவி குணலட்சுமி காலில் முள் ஏறி வீங்கியதால் வரவில்லை. நான் துணைக்குப் போனேன். மண்ணெண்ணெயில் ஓடும் இயந்திரத்தின் புகையைக் குடித்துக்கொண்டு வல்லை வெளியைக் கடந்தோம். கோயிலில் சாப்பிட்டு, நிழலில் இருந்து, வெயில் சாய மணலில் இறங்கினோம். அருமையக்கா முன்னால் நடந்தார். "செருப்பைக் கையிலை எடுங்கோ", "வலப்பக்கத்தாலை வாங்கோ" என்று வழிநெடுக உத்தரவுகள். கடைசி மணல்மேட்டில் ஏறியதும் கடல் திடீரென்று முழுதாகத் தெரிந்தது. பெண்கள் "அம்மோய்!" என்றார்கள். இரண்டொருவர் தொடுவானத்தில் நேவிக் கப்பல் ஏதும் நிற்கிறதா என்று பார்த்தார்கள். அருமையக்கா கடலைப் பார்க்கவில்லை. தங்கையின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பத்மாசினியக்கா கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "வடிவுதான்," என்றார். "ஆனால் திருகோணமலையிலை ஆனி, ஆடியிலை கடல் குளம் மாதிரிக் கிடக்கும். அடியிலை கிடக்கிற சிப்பியும் தெரியும்."

அருமையக்காவின் முகம் சுண்டிவிட்டது.

"காலியும் உனக்கு. கண்டியும் உனக்கு. மலை, பனி, பூ, எல்லாம் உனக்கு. ஒரேயொரு கடல் நான் உனக்குக் காட்டவெண்டு கூட்டிவந்தனான். இதுக்குள்ளையும் உன்ரை திருகோணமலையைக் கொண்டுவந்து கொட்டுறியே?"

மற்றப் பெண்கள் மெல்ல இறங்கி முன்னே போய்விட்டார்கள். நான் எங்கே பார்ப்பதென்று தெரியாமல் நின்றேன். பத்மாசினியக்கா மணலில் உட்கார்ந்தார்.

"நான் பாத்த ஊரிலை உனக்கு எரிச்சல். எனக்குத் தெரியாதே? உன்னிலை எனக்கும் எரிச்சல்தான்."

"என்னிலை என்ன கிடக்கு, எரியிறதுக்கு?"

"ஐயா சாகக் கிடக்கிறார் எண்டு கேட்டு, நானுஓயாவிலை இருந்து ராத்திரி பகலா ரெயிலிலை வந்தனான். கட்டிலுக்குக் கிட்டப் போய் 'ஐயா' எண்டன். 'ஆர் பிள்ளை நீ' எண்டு கேட்டவர். பெத்த தேப்பன். உன்ரை பேரை மட்டும் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டவர். ஊர் ஊராய்ப் பாத்து எனக்கு என்ன கிடைச்சுது?"

வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் ஆறுதலாக ஒரு சொல் சொல்லியிருப்பார்கள். நோயில் ஐயாவுக்கு எல்லோரையும் மறந்துபோயிற்று என்றாவது சொல்லியிருப்பார்கள். அருமையக்கா சொல்லவில்லை. அவருடைய கழுத்து நிமிர்ந்தது.

"வாய் கோணினாப் பிறகு அவர் கதைச்சது எனக்கு மட்டும்தான் முழுக்க விளங்கும்," என்றார். "என்னை அவர் மறக்கேல்லை."

அவ்வளவு காலமும் தன்னிடமும் ஒன்று இருந்ததென்று அவருக்கு அப்போதுதான் தெரிந்ததோ, என்னவோ. அந்தப் பெருமை முகத்தில் அப்படியே நின்றது. தங்கை சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைப்பதைக் கண்டதும் கொஞ்சம் ஆட்டம் கண்டது.

பின்னால் மேளச் சத்தம் கேட்டது. மணல்மேட்டில் சனம் கறுப்பாகத் திரண்டு வந்தது.

"எழும்பு. சாமி வருது," என்று தங்கையின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார் அருமையக்கா. "பிறகு சனத்துக்கை ஒண்டும் தெரியாது."

முழங்கையால் வழி எடுத்துக்கொண்டு போனார். இளந்தாரிகளையும் தள்ளினார். சாமி நீராடும் இடத்துக்கு நேரே, இடுப்பளவு தண்ணீரில், தங்கையைத் தனக்கு முன்னால் நிறுத்தினார். "அரோகரா" என்றும் "கோவிந்தா" என்றும் சனம் கூவியது. அந்த நேரம் ஒரு அலை வந்து அக்காவையும் தங்கையையும் ஒன்றாகக் கவிழ்த்தது. எழும்பும்போது இருவர் தலையிலும் கடற்பாசி. பத்மாசினியக்காதான் முதலில் சிரித்தார். அருமையக்கா தங்கையின் தலையில் இருந்த பாசியை எடுத்துவிட்டு, "கண்ணை மூடு" என்று சொல்லி, இரண்டு கையாலும் தண்ணீர் அள்ளி அவர் தலையில் ஊற்றினார். தங்கையின் மணிக்கட்டை உழவு இயந்திரப் பெட்டியில் ஏறும்வரை அவர் விடவேயில்லை.

நாங்கள் திரும்பும்போது பொழுதுபட்டுவிட்டது. குணலட்சுமி நொண்டிக்கொண்டு படலை வாசலுக்கு வந்து, வழக்கம் மாறாமல் தங்கையைத்தான் கேட்டாள்.

"பத்மாசினியக்கா, எப்பிடியிருந்தது? ஒண்டும் விடாமல் சொல்லுங்கோ."

பத்மாசினியக்கா பெட்டியிலிருந்து ஒரு காலைத்தான் கீழே வைத்திருந்தார். "ஐயோ குணம், அந்த மணல்மேட்டிலை ஏறி நிண்டு பாத்தால்..."

"பொறு. இதை நான் சொல்லுறன்" என்று பின்னாலிருந்து எட்டிய அருமையக்கா, உப்புக் காய்ந்த கையால் தங்கையின் வாயைப் பொத்தினார்.