சாக்பீஸ்காரர் தைத்த சீட்

தோல்பைத் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடமாக அவர் பார்த்துவரும் வேலையை ஒரே வரியில் சொல்லிவிடலாம். அடுத்தவர் தைத்ததில் குறை கண்டுபிடித்து, அதன்மேல் வெள்ளை சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி போடுவது. கைப்பை, பர்ஸ், பெல்ட் என்று எது வந்தாலும் விளக்கடியில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். ஓர் அங்குலத்துக்கு எட்டுத் தையல் இருக்க வேண்டும். ஏழு இருந்தால் குறி விழும். ஒன்பது இருந்தாலும் விழும். தையல் பகுதியில் யாருக்கும் அவருடைய பெயர் ஞாபகமில்லை, சாக்பீஸ் என்றால்தான் தெரியும். அந்தப் பட்டம் காதில் விழாததுபோல நடந்துகொள்வதில் அவருக்கு நல்ல பழக்கம் இருந்தது.

ஒரு சின்ன விஷயம் மட்டும் தொழிற்சாலைக்குத் தெரியாது. ஒரே ஒரு சட்டைப் பட்டனைத் தவிர அவர் தன் வாழ்நாளில் எதையும் தைத்ததில்லை. அந்தப் பட்டனும் மூன்றாம் நாள் டீக்குள் விழுந்துவிட்டது.

அவருடைய மனைவி வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்த்து எழுதுகிறவள். ஒரு நாளைக்கு முந்நூறு வீடு, அதில் பாதி மேட்டுத் தெருக்களில். பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றுதான் துணை. அதன் சீட் வாய் பிளந்து, மழை பெய்தால் உள்ளேயிருக்கும் ஸ்பாஞ்ச் வயிறு முட்டக் குடித்துவிட்டு, உட்கார்ந்தவுடன் எல்லாவற்றையும் அவள் மேலேயே கக்கிவிடும்.

அவள் பத்து நாள் லீவில் இருந்தபோது, அவளுடைய தம்பி சாப்பிட வந்த இடத்தில் பேச்சு சீட்டைப் பற்றித் திரும்பியது.

"அக்கா, எனக்குத் தெரிஞ்ச கடை இருக்கு. முக்கால் மணி நேரத்துல ரெக்சின் போட்டுக் குடுத்துடுவான்."

"ரெக்சினா?" என்றார் சாக்பீஸ். யாரோ தட்டில் எச்சில் துப்பியதுபோல இருந்தது அவர் முகம். "அதுவும் மிஷின் தையலா? நல்ல தோல்ல, கையால தைக்கணும். நானே தைக்கிறேன்."

சொன்ன பிறகுதான், சொன்னது தன் வாய்தானா என்று அவருக்கே சந்தேகம் வந்தது. மனைவி கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

"நீங்களா?"

"ஏன், நான் பார்க்காத தையலா?"

"பார்த்திருக்கீங்க மாமா, இல்லைன்னு யாரு சொன்னா," என்றான் மச்சினன். "ஆனா நீங்க தைச்சா, அதை யாரு செக் பண்றது?"

"நானேதான்!"

இந்த ஒரு வார்த்தைதான் அடுத்த ஒரு வாரத்துக்கு அவரைப் போட்டு வறுத்தெடுத்தது.

பின்வாங்க வழி இருக்கக் கூடாது என்று அன்று சாயங்காலமே பழைய உறையைப் பிய்த்தெடுத்தார். அதைப் பார்த்துவிட்டு மனைவி அமைதியாகச் சொன்னாள்: "வர்ற திங்கட்கிழமை நான் வேலைக்குப் போகணும். சீட் இல்லேன்னா முந்நூறு வீட்டுக்கும் நடந்துதான் போவேன். திரும்பி வந்து உங்ககூடப் பேச மாட்டேன். சொல்லிட்டேன்."

தோல் தயாராக இருந்தது. தொழிற்சாலை கழித்துத் தள்ளியதில் வாங்கி வந்த கறுப்புத் தோல் அது. முள்கம்பி கிழித்த ஒரு நீளக் கீறலும், அந்தக் கீறலின் மேல் அவரே போட்ட பெருக்கல் குறியும் அதில் இருந்தன. கீறலைத் தவிர்த்து, பழைய உறையின் துண்டுகளை மேலே பரப்பி வரைந்து வெட்டினார். சாப்பாட்டு மேசைதான் பட்டறை. குத்தூசியால் துளை போட்டு, மெழுகு நூலின் இரு முனையிலும் ஊசி கோத்து, ஒரே துளைக்குள் இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாக விட்டு இழுக்க வேண்டும். முதல் நாள் ஒரு சாண் நீளம் தைத்தார். விரல் நுனியில் நான்கு இடத்தில் குத்தல். ஆனாலும் மனதுக்குள் பெருமை தாங்கவில்லை.

பெருமையோடு நிறுத்தியிருக்கலாம். மேசை விளக்கை இழுத்துவைத்து எண்ணினார். ஏழு.

பிரித்தார்.

மறுநாள் மனைவி டீ கொண்டுவந்து வைத்தாள். "நேத்து இவ்வளவு நீளம் இருந்துச்சே, எங்க போச்சு?"

"பிரிச்சுட்டேன்."

"ஏன்?"

"ஏழு தையல்தான் இருந்துச்சு."

"நான் அதுமேல உட்காரப் போறேனா, இல்ல எண்ணப் போறேனா?"

அவர் மறுபடி ஊசியில் நூலைக் கோத்தார். இரண்டாம் முறை ஒன்பது வந்தது, பிரித்தார். மூன்றாம் முறை எட்டு வந்தது, ஆனால் வரிசை லேசாக வளைந்திருந்தது. அதையும் பிரித்தார். வியாழக்கிழமை சாயங்காலம், அங்குலத்துக்கு எட்டே எட்டாக, கோடு போட்டதுபோல முழு உறையும் தைத்து முடிந்தது. அவர் கையில் வந்திருந்தால் அவரே குறி போடாமல் விட்டிருக்கக்கூடிய தையல்.

மச்சினனை அழைத்து, இரண்டு பேருமாக உறையை ஸ்பாஞ்சின் மேல் இழுத்தார்கள். இறுக்கமாகப் பிடித்தால்தான் அடித்தட்டில் ஸ்டேப்ளர் அடிக்க முடியும். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று இழுத்தபோது டர்ர்ரென்று ஒரு சத்தம். தையல் அப்படியே இருந்தது. தோல்தான் துளை வரிசையோடு, தபால்தலையைக் கிழிப்பதுபோல நேர்த்தியாகக் கிழிந்து வந்தது.

மச்சினன் கிழிசலை ஒரு பக்கம் சாய்ந்து பார்த்தான். "கிழிஞ்சாலும் நேராத்தான் கிழிஞ்சிருக்கு மாமா."

துணியைப் பிரித்துத் தைக்கலாம். தோலைப் பிரித்தால் போட்ட துளை போட்டபடியே நிற்கும், ஒவ்வொரு முறையும் பக்கத்தில் புதுத் துளை சேரும். கடைசியில் சல்லடைதான் மிஞ்சும். அவருக்குத் தெரியாத சமாசாரமா இது? 'ஒருமுறை தைத்த தோலைப் பிரிக்காதீர்' என்று தையல் பகுதிச் சுவரில் எழுதி ஒட்டியிருந்ததே அவர்தான்.

வெள்ளிக்கிழமை மதிய இடைவேளையில், கிழிந்த உறையைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு நாலாம் மிஷினுக்குப் போனார். அந்த மிஷினில் உட்காரும் அம்மாளுக்கு அதுவே பெயராகிவிட்டிருந்தது. அவர் சாக்பீஸில் பாதி கரைந்தது அந்த அம்மாளின் பைகள் மேல்தான்.

"இதைச் சரி பண்ண முடியுமான்னு பாரும்மா."

நாலாம் மிஷின் உறையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். "இது யாரு தைச்சது சார்?"

"எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர்."

"மூணு தடவை பிரிச்சிருக்காரே உங்க தெரிஞ்சவரு. சுவத்துல எழுதியிருக்கே, அவரு படிச்சதில்லையா?"

அவருடைய காது மடல் சிவந்ததே பதிலாகப் போயிற்று. நாலாம் மிஷின் அவர் முகத்தைப் பார்த்தாள், உறையைப் பார்த்தாள், பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "அடியே, எல்லாரும் இங்க வாங்கடி! சார் தைச்சிருக்காரு!"

அவர் சட்டைப் பையிலிருந்தே சாக்பீஸை எடுத்து, உறையின்மேல் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டு, ஐந்தாம் மிஷினிடம் நீட்டினாள். உறை மிஷின் வரிசை முழுக்க ஊர்வலம் போய்த் திரும்பியபோது அதில் பதினொரு குறிகள் இருந்தன. இருபத்திரண்டு வருடத்துக்குப் பதினொன்றுதானா என்று அவருக்கே கொஞ்சம் குறைவாகத்தான் பட்டது.

சிரித்து ஓய்ந்த பிறகு அந்த அம்மாள் கேட்டாள்: "மிச்சத் தோல் இருக்கா?"

"கீறல் விழுந்த துண்டு இருக்கு."

"அதையே வெட்டுங்க. கீறலைப் பின்பக்கம் தள்ளிடுங்க. ஸ்பாஞ்சுக்கு மேல ஒரு பிளாஸ்டிக் ஷீட் போடுங்க, தையல் வழியா தண்ணி இறங்காது. அப்புறம், வீட்டுல விளக்கடியில வெச்சு எண்ணாதீங்க. இந்த சாக்பீஸ் இங்கயே இருக்கட்டும்."

சனியும் ஞாயிறும் எண்ணாமல் தைத்தார். எண்ணாமல் இருப்பது தைப்பதைவிடக் கஷ்டமாக இருந்தது. வலதுபக்கத் தொடை படும் இடத்தில் வரிசை ஒரு குடிகாரன்போல லேசாகத் தள்ளாடியது. பல்லைக் கடித்துக்கொண்டு மேலே போனார். ஞாயிறு சாயங்காலம் இழுத்தபோது தோல் முனகியதே தவிர, கிழியவில்லை. மச்சினன் ஸ்டேப்ளர் அடித்தான்.

திங்கட்கிழமை காலை. மனைவி ஷூ மாட்டிக்கொண்டிருக்க, அவர் வேலைச் சட்டையைப் போட்டுக்கொண்டு கீழே வண்டியைப் பார்க்கப் போனார். அந்த அம்மாள் எடுத்தது போக, அந்தச் சட்டைப் பையில் எப்போதும் ஒரு சாக்பீஸ் துண்டு கிடக்கும். கண் அந்தத் தையல் வரிசையின் தள்ளாட்டத்துக்குப் போயிற்று. கை பைக்குள் போயிற்று. அவரைக் கேட்காமலே அங்கே ஒரு வெள்ளைப் பெருக்கல் குறி விழுந்துவிட்டது. துணி எடுத்துவந்து துடைக்கலாமென்று உள்ளே போய்த் திரும்புவதற்குள் அவள் ஏறி உட்கார்ந்து வண்டியைக் கிளப்பிவிட்டாள்.

"நில்லு, நில்லு! ஒரு நிமிஷம்!"

மறுபடியும் பிரிக்கத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்து அவள் வேகத்தைக் கூட்டினாள்.

அன்று முழுவதும் அவர் மனம் மேட்டுத் தெருக்களிலேயே சுற்றியது. மேடு ஏறும்போது எடை பின்னால் போகும். தையல் தாங்குமா? பதினொரு மணிக்கு மழை வேறு. நாலாம் மிஷினின் பை ஒன்று வந்தது. ஏழு தையல். குறி போட்டார். ஏழு என்றால் ஏழுதானே.

"சீட் என்னாச்சு சார்?" என்றாள் அந்த அம்மாள்.

"தெரியலம்மா," என்றார்.

சாயங்காலம் மனைவி வீட்டுக்குள் வந்ததும் திரும்பி நின்றாள். கருநீல யூனிஃபார்ம் பேன்ட்டின் பின்புறம், வலதுபக்கம், கொஞ்சம் கலைந்த ஒரு வெள்ளைப் பெருக்கல் குறி.

"முந்நூறு வீடு. ஒருத்தர்கூடச் சொல்லலை. கடைசித் தெருவுல ஒரு வாண்டு கேட்குது, ஆன்ட்டி, உங்களுக்கு யாரு தப்பு போட்டாங்கன்னு."

"சீட்?"

"சீட்டுக்கென்ன?"

"கிழிஞ்சுதா? மழையில ஊறுச்சா?"

அவள் ஷூவைக் கழற்றினாள். "அட, கையால துடைச்சேன், உட்கார்ந்தேன். சீட்டுன்னு ஒண்ணு இருக்குங்கற நினைப்பே வரலையே எனக்கு."

அவர் செருப்புகூடப் போடாமல் கீழே இறங்கிப் போனார். உள்ளங்கையை வைத்துச் சீட்டை அழுத்தினார். ஒரு சொட்டு வரவில்லை. மேடும் மழையும் பார்த்துவிட்டு வந்த தையல் இருந்த இடத்திலேயே இருந்தது. குனிந்து, விரலை மெல்ல அந்த வரிசைமேல் நகர்த்திக்கொண்டு போனார்.

மேலே ஜன்னல் திறந்தது.

"என்னங்க, எண்ணுறீங்களா?"

"சேச்சே, இல்லையே," என்றார்.

ஆறு வரைக்கும் வந்திருந்தார்.