போகாத பியூஸ்

என் மனைவிக்கு நெஞ்சு வருத்தம். எப்போதும் மூக்கில் குழாய் மாட்டி, ஒட்சிசன் மெஷினோடு இருக்க வேண்டும். மணமும் இப்போது அவளுக்குத் தெரிவதில்லை. மாதா மாதம் கொழும்புக் கிளினிக்குக்குப் போக வேண்டும். லொட்ஜ் அறைகளின் தூசி ஆகாது. அதனால்தான் பழைய வான் ஒன்றை வாங்கி, பின்னால் கட்டிலும் மருந்துக்குச் சின்னப் பிரிட்ஜும் வைத்தேன். மெஷின், பிரிட்ஜ், விசிறி மூன்றும் முன்னால் வைத்த இரண்டாவது பற்றரியில் ஓட வேண்டும்.

சுன்னாகத்தில் ஒரு கடைக்கு இதற்கான கரண்ட் சாமான் வாங்கப் போனேன். கடைக்காரர் என்னைவிட இருபது வயது இளையவர்.

"அண்ணை, வயர் எத்தினை அடி ஓடும்? எவ்வளவு கரண்ட் இழுக்கும்?"

எனக்குச் சுள்ளென்று ஏறியது. யுத்த காலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்டவன் நான். என்னிடமே கேள்வியா?

"பதினெட்டடி. வயர் வீட்டிலை கிடக்கு. பியூஸை மட்டும் தாரும்."

"வீட்டு வயர் மெல்லிசு அண்ணை. தூரம் கூடக் கூடத் தடிச்ச வயர் வேணும். பியூஸ் மெஷினைக் காப்பாத்த இல்லை, வயரைக் காப்பாத்தத்தான்."

"ஓம், ஓம்" என்று சொல்லிவிட்டு வந்தேன். ஒன்றும் காதில் ஏறவில்லை.

வீட்டில் கிடந்த வயரை மெத்தைக்குக் கீழால் ஓட்டினேன். மூன்றையும் போட்டதும் பியூஸ் போனது. இன்னொன்று போட்டேன், அதுவும் போனது. திரும்பவும் அந்த மனிதரின் முகத்தில் முழிக்க ரோசம் விடவில்லை. அந்தக் காலத்தில் ஜெனரேற்றரில் பியூஸ் போனால் கடைக்கு யார் போனார்கள்? கடையில் என்ன இருந்தது? கிடைத்த கம்பியை முறுக்கி வைப்போம், ஓடும். கை தானாகவே அதைச் செய்தது. செம்புக் கம்பியில் நாலு இழையை முறுக்கி, பியூஸ் இருந்த இடத்தில் வைத்தேன். எல்லாம் ஓடியது. வெட்கமில்லாமல் சந்தோசப்பட்டேன்.

அன்று மத்தியானம் ஒத்திகை பார்த்தோம். முற்றத்தில் நின்ற வானுக்குள் அவள் படுத்துக்கொண்டாள். நான் தேத்தண்ணி போடக் குசினிக்குப் போனேன். இரண்டு கோப்பைகளோடு திரும்பினால் பிளாஸ்டிக் கருகும் மணம். மெத்தையின் ஓரத்தால் புகை வருகிறது. அவள் கண்ணை மூடி, ஆறுதலாகப் படுத்திருக்கிறாள்.

கோப்பைகளை எங்கே போட்டேனோ தெரியாது. குழாயைப் பிடுங்கி, அவளை வெளியே இழுத்து நிலத்தில் இருத்தினேன். பற்றரியிலிருந்து வயரைக் கழற்றும்போது உள்ளங்கை வெந்தது. ஒட்சிசனுக்குப் பக்கத்தில் நெருப்பு.

விறாந்தையில் கதிரை போட்டு, வீட்டுக் கரண்டில் மெஷினைக் கொளுவினேன். அவளுக்கு மூச்சு வரக் கனநேரம் பிடித்தது.

"இஞ்சாருங்கோ, பியூஸ் போட்டனீங்கள்தானே?"

"ஓம்."

"அப்ப ஏன் அது போகேல்லை?"

பொய் சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை.

"போகாத மாதிரிக் கம்பி முறுக்கி வைச்சிட்டன்."

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நல்லது.

"சண்டை முடிஞ்சு எத்தினை வருசம்? கடையிலை எல்லாம் கிடக்குது. இல்லாத காலத்துச் சீவியத்தை ஏனப்பா இன்னும் எனக்குத் தாறியள்?"

அடுத்த நாள் காலை கடை திறக்க முதலே போய் வாசலில் நின்றேன். கடைக்காரர் என் உள்ளங்கையில் இருந்த மருந்துக் கட்டைப் பார்த்துக்கொண்டே கதவைத் திறந்தார்.

"தம்பி, நீங்கள் அண்டைக்குச் சொன்னதை முதல்லை இருந்து ஒருக்காச் சொல்லுங்கோ" என்றேன்.